எண் ஒன்று, வண்டி இரண்டு: கிளாசிக் கார் வாங்குமுன் அதன் அடையாளத்தைச் சோதிக்கும் முறை

கிளாசிக் கார் வாங்க நினைப்பவர்கள் துருவுக்கும், என்ஜின் விடும் புகைக்கும், கிடைக்காத உதிரி பாகங்களுக்கும்தான் பெரும்பாலும் அஞ்சுகிறார்கள். அவை பணமும் பொறுமையும் இருந்தால் தீர்ந்துவிடும் குறைகள். எவ்வளவு செலவழித்தாலும் தீராத குறை ஒன்று உண்டு. நீங்கள் வாங்கிய வண்டி, அதில் பொறித்திருக்கும் எண்ணுக்கு உரிய வண்டியாக இல்லாமல் போவதுதான் அது. அந்த நிலையில் உங்கள் கையில் இருப்பது திருட்டுப் பொருளாக இருக்கலாம், அல்லது கொடுத்த விலையில் கால் பங்குகூடப் பெறாத சாதாரண மாடலாக இருக்கலாம். பல ஆண்டுகள் சேமித்த பணத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறவர்கள் இந்த ஒரு சோதனையை மட்டும் விட்டுவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அதைச் செய்யும் முறையை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மோசடி நடக்கும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். திருடன் ஒரு வண்டியைக் கடத்துகிறான். அதே தயாரிப்பும் மாடலும் நிறமும் கொண்ட, ஒழுங்காகப் பதிவு செய்யப்பட்ட இன்னொரு வண்டியை ஏதாவது விற்பனை விளம்பரத்திலோ கண்காட்சிப் படத்திலோ தேடிப் பிடிக்கிறான். அந்த நல்ல வண்டியின் சேசிஸ் எண்ணைத் தகட்டில் பொறித்துத் திருட்டு வண்டியில் பொருத்திவிட்டு, அந்த எண்ணுக்கே பதிவுச் சான்றும் தயாரித்துக்கொள்கிறான். இதைத்தான் கிளோனிங் என்கிறார்கள். இப்போது ஒரே எண்ணில் இரண்டு வண்டிகள் ஓடுகின்றன. வாங்க வருபவர் அந்த எண்ணைத் திருட்டு வண்டிப் பட்டியல்களில் தேடினால் எதுவும் அகப்படாது, ஏனென்றால் அந்த எண் நேர்மையான ஒருவருடையது. ஆகவே ‘எண்ணைத் தேடிப் பார்த்தேன், பிரச்சினை எதுவும் இல்லை’ என்று யாராவது சொன்னால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அவர் சோதித்தது எண்ணைத்தான், வண்டியை அல்ல.

பழைய வண்டிகளில் இது இன்னும் எளிதாக நடக்கிறது. ஆலையின் ஆவணங்கள் காகிதத்தில் இருந்தவை, பல அழிந்துவிட்டன. ஐம்பது அறுபது ஆண்டுகளில் என்ஜின் மாறியிருக்கும், தகரம் மாறியிருக்கும், வண்டி பலமுறை கைமாறியிருக்கும். நேர்மையாகப் புதுப்பிக்கிறவர்களுக்கென்று தகடுகளும் ரிவெட்டுகளும் ஸ்டிக்கர்களும் பழைய அச்சிலேயே புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன, அவற்றை மோசடிக்காரரும் வாங்குகிறார். இதற்கெல்லாம் மேலாக, வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் இரண்டு மாடல்களுக்கு இடையில் விலை பல மடங்கு வேறுபடுகிறது.

திருட்டைத் தவிர வேறு வகைகளும் உண்டு. விபத்திலோ தீயிலோ அழிந்துபோன அரிய வண்டியின் தகட்டையும் பத்திரங்களையும் மட்டும் வாங்கி, அவற்றை ஒரு சாதாரண வண்டியின் மேல் ஏற்றி, அழிந்ததே மீண்டு வந்ததாகச் சொல்வது ஒரு வகை. ஆறு சிலிண்டர் வண்டியில் பெரிய வி8 என்ஜினைப் பொருத்தி, கோடு போட்டு, சின்னம் ஒட்டி, உயர்ந்த மாடலாகக் காட்டுவது மற்றொரு வகை. இந்த இரண்டாவதை ஆர்வலர்கள் தங்கள் பேச்சில் ‘கிளோன்’ என்றோ ‘ட்ரிப்யூட்’ என்றோ வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வது உண்டு. அப்படிச் சொல்லி விற்கும்வரை அதில் தவறு எதுவும் இல்லை. மூன்றாவது நான்காவது கைக்குப் போகும்போது அந்தச் சொல் விளம்பரத்திலிருந்து சத்தமில்லாமல் உதிர்ந்துவிடுகிறது. மோசடி அங்கே தொடங்குகிறது.

எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது

நேரில் போய்ப் பார்ப்பதற்கு முன்னால், நீங்கள் விரும்பும் மாடலின் எண் எப்படி அமைந்திருக்க வேண்டும் என்பதைப் படித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1981 மாடல் ஆண்டு முதல்தான் 17 இடங்கள் கொண்ட ஒரே சீரான வாகன அடையாள எண் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகளில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறையை வைத்திருந்தது. அந்த முறை எவ்வளவு தகவலை வெளிப்படுத்துகிறதோ, அதைப் பொறுத்து மோசடிக்காரர் கை வைக்கும் இடமும் மாறுகிறது. நீங்கள் எங்கே கூர்ந்து பார்க்க வேண்டும் என்பதை இதுவே முடிவு செய்வதால் இரண்டு உதாரணங்களை எடுத்துக்கொள்கிறேன்.

1970ஆம் ஆண்டின் பிளிமத் பாரகுடா வரிசையில் 426 ஹெமி என்ற சக்தி மிக்க என்ஜினுடன் வந்த ‘குடா’வில், எண்ணின் ஐந்தாவது இடத்தில் ‘ஆர்’ என்ற எழுத்து இருக்கும். அந்த எழுத்துக்குப் பொருள் ஹெமி என்ஜின். அந்த ஆண்டில் ஹெமி குடா மூடிய கூரையுடன் 652, திறந்த கூரையுடன் 14 மட்டுமே செய்யப்பட்டன. ஆகவே சாதாரண பாரகுடாவை ஹெமியாக்கி விற்க நினைப்பவர் எண்ணையே மாற்றியாக வேண்டும். தகட்டை மாற்றினால் மட்டும் போதாது. அந்த எண்ணின் சுருக்கம் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்திலும், கண்ணாடிக்குக் கீழே உள்ள தகரத்திலும், என்ஜினிலும், கியர்பாக்ஸிலும் பொறிக்கப்பட்டிருப்பதால் அத்தனை இடங்களிலும் அவர் கை வைத்திருப்பார். இப்படிப்பட்ட வண்டியில் நீங்கள் தேட வேண்டியது உலோகத்தில் விடப்பட்ட தடயங்களைத்தான்.

1969 ஷெவர்லே கமாரோவில் நிலைமை இதற்கு நேர்மாறானது. அதன் எண்ணில் 13 இடங்கள் உண்டு. 124379 என்று தொடங்கினால் முதல் 1 ஷெவர்லேயையும், 24 எட்டு சிலிண்டர் கமாரோவையும், 37 மூடிய கூரையையும், 9 என்பது 1969ஐயும் குறிக்கும். அடுத்து வரும் எழுத்து ‘என்’ என்றால் நார்வுட் ஆலை, ‘எல்’ என்றால் லாஸ் ஏஞ்சலஸ் ஆலை. கடைசி ஆறு இலக்கங்கள் வரிசை எண். வண்டி கமாரோவின் புகழ்பெற்ற அதிவேக வகையான இசட்/28 ஆகப் பிறந்ததா, சாதாரண எட்டு சிலிண்டர் வண்டியாகப் பிறந்ததா என்பது இந்த எண்ணில் எங்கும் இல்லை. அந்த ஆண்டில் இசட்/28 வகை 20,302 வண்டிகளே வெளிவந்தன. ஆனால் எந்த எட்டு சிலிண்டர் கமாரோவையும் அதன் எண்ணைத் தொடாமலேயே இசட்/28 என்று வேடம் கட்டிவிடலாம். இங்கே தகடும் சேசிஸ் எண்ணும் சுத்தமாக இருக்கும், பொய் என்ஜினிலும் காகிதங்களிலும் இருக்கும். ‘சேசிஸ் எண் ஒரிஜினல்தான், வேண்டுமானால் எங்கே வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளுங்கள்’ என்று விற்பவர் அழுத்திச் சொல்வது முழு உண்மையாகவே இருக்கலாம். உங்கள் கேள்விக்கு அது விடை ஆகாது.

இந்தப் பாடம் மற்ற வண்டிகளுக்கும் பொருந்தும். 1964, 1965 ஆண்டுகளின் பான்டியாக் ஜிடிஓ ஒரு கூடுதல் தொகுப்பாக மட்டும் விற்கப்பட்டதால் எண்ணில் அதன் அடையாளம் கிடையாது. 1966இல் அது தனி வரிசையாகி 242 என்று தொடங்கும் எண்ணைப் பெற்றது. 1973 காலத்துப் போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 மொத்தம் 1,580 மட்டுமே, அதற்கெனத் தனி எண் வரிசை உண்டு. அதைப் போலத் தோற்றம் மாற்றப்பட்ட சாதாரண 911 வண்டிகளோ ஏராளம்.

ஆலை ஆவணத்தை நீங்களே கேட்டு வாங்குங்கள்

பல தயாரிப்புகளுக்கு, வண்டி ஆலையிலிருந்து எப்படி வெளியேறியது என்பதைச் சொல்லும் ஆவணம் இன்றும் கிடைக்கிறது. 1967 முதலான ஃபோர்டு வண்டிகளுக்கு, ஃபோர்டின் தயாரிப்புப் பதிவுகளிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி அறிக்கை, பான்டியாக்குக்கு பிஎச்எஸ் (பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்) ஆவணம், ஜாகுவாருக்கு ஜாகுவார் டெய்ம்லர் பாரம்பரிய அறக்கட்டளையின் சான்றிதழ், எம்ஜி, ஆஸ்டின், மாரிஸ் போன்ற ஆங்கிலேயத் தயாரிப்புகளுக்கு இங்கிலாந்தின் கேடன் கிராமத்தில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தின் சான்றிதழ், மெர்சிடிஸ் பென்ஸுக்கு ‘டேட்டா கார்டு’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி உண்டு. ஷெவர்லே வாங்குபவர்களுக்கு இந்த வசதி குறைவு. கனடாவில் புதிதாக விற்கப்பட்ட வண்டிகளுக்கு மட்டும் ஜெனரல் மோட்டார்ஸ் கனடாவிடம் பதிவுகள் இருக்கின்றன. மற்றவற்றுக்கு ஆலையின் தயாரிப்புத் தாள், ஜன்னல் ஸ்டிக்கர், உத்தரவாதப் புத்தகத்தோடு வந்த சிறு உலோகத் தகடு ஆகியவற்றையே நம்பியிருக்க வேண்டியிருக்கிறது, அவை எல்லாமே போலியாகச் செய்யப்படுகின்றன. கமாரோவும் கார்வெட்டும் ஷெவெலும் இவ்வளவு அதிகமாக ஏமாற்றுக்கு உள்ளாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விற்பவர் காட்டும் சான்றிதழின் நகலைப் பார்த்து நிறைவடையாமல், அதே எண்ணைக் கொடுத்து நீங்களே நேரடியாக விண்ணப்பித்து வாங்குங்கள். இதற்கு ஆகும் கட்டணம், வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் ஒரு பொருட்டே அல்ல. சான்றிதழ் வந்த பிறகும் ஒன்றை மறக்க வேண்டாம். அந்த எண்ணோடு ஒரு வண்டி இந்த நிறத்தில், இந்த என்ஜினோடு வெளியேறியது என்று மட்டுமே அது சொல்கிறது. உங்கள் முன்னால் நிற்பது அந்த வண்டிதான் என்று அது சொல்வதில்லை, சொல்லவும் முடியாது.

அடுத்து, அந்த எண்ணுக்கு இரட்டை உண்டா என்று தேடுங்கள். வேறொரு வண்டியின் எண்ணைத் தாங்கிய கிளோன் என்றால் எங்கோ அசல் ஒன்று இருந்தே தீரும். பழைய ஏலப் பட்டியல்கள், மாடலுக்கென இருக்கும் சங்கங்களின் பதிவேடுகள், கண்காட்சிப் படங்கள், பழைய விளம்பரங்கள் என்று ஓர் இடம் விடாமல் தேட வேண்டும். ஷெல்பி, கோப்ரா வண்டிகளுக்கு ஷெல்பி அமெரிக்கன் ஆட்டோமொபைல் கிளப் ஒவ்வொரு சேசிஸ் எண்ணுக்கும் வரலாறு திரட்டி வைத்திருக்கிறது. அசல் கோப்ராக்கள் சுமார் ஆயிரம்தான், அதன் உருவில் பிறர் செய்தவை அதைப் போலப் பல மடங்கு. இந்தச் சங்கங்களில் பதிவேட்டைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் ஊதியம் வாங்காமல் முப்பது நாற்பது ஆண்டுகளாக அந்த ஒரே மாடலைப் பின்தொடர்கிறவர்கள். ‘இந்த எண்ணை நான் 1990களில் வேறு நிறத்தில், வேறு ஒருவரிடம் பார்த்திருக்கிறேனே’ என்று அவர்களில் ஒருவர் சொல்லும் ஒரு வாக்கியம், எந்தக் கட்டணச் சோதனையும் தராத உண்மையைத் தந்துவிடும்.

வண்டியின் அருகில்

பகல் வெளிச்சத்தில் போங்கள். டார்ச், சிறிய கண்ணாடி, உருப்பெருக்கி, துணி சுற்றிய காந்தம், பெயின்ட் கனத்தை அளக்கும் கருவி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். எண்களைத் தொட்டுப் பார்க்கவும் படம் எடுக்கவும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால், அல்லது ‘படம் மட்டும் வேண்டாம்’ என்று சொல்லப்பட்டால், அங்கேயே விடைபெற்றுக்கொள்வது நல்லது.

தகட்டிலிருந்து தொடங்குங்கள். அறுபதுகளின் நடுவிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் எண் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலை, ஆறு இதழ்கள் விரிந்த சிறு பூப்போல இருக்கும். அந்த இடத்தில் கடையில் கிடைக்கும் சாதாரண ‘பாப்’ ரிவெட்டோ திருகோ இருந்தால், தகடு ஒருமுறையாவது கழற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். பூ ரிவெட்டும் இப்போது புதிதாகக் கிடைப்பதால் அது இருப்பது மட்டும் நிரூபணம் ஆகாது. ரிவெட்டின் தலையில் இடுக்கியின் கீறல், சுற்றிலும் பெயின்டில் விரிசல், தகட்டுக்கு அடியில் பழைய தகட்டின் விளிம்பு விட்டுப்போன நிழல், ஐம்பது ஆண்டு வெயிலில் வெளிறிய டேஷ்போர்டின் மேல் நேற்றுச் செய்ததுபோல் மின்னும் தகடு ஆகிய பொருத்தமின்மைகளே பேசும்.

உலோகத்தில் நேரடியாகக் குத்தப்பட்ட எண்ணை இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1965, 1966 ஃபோர்டு மஸ்டாங்கை எடுத்துக்கொள்வோம். பானெட்டைத் திறந்தால், ஓட்டுநர் பக்கச் சக்கரத்துக்கு மேலே உள்ள உட்புறத் தகரத்தின் மேல்விளிம்பில் எண் குத்தப்பட்டிருக்கும். வெளித்தகரம் அதை மறைத்துவிடாதபடி அந்த இடத்தில் ஒரு வெட்டும் விடப்பட்டிருக்கும். டார்ச்சைத் தகரத்தோடு தகரமாகப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் ஒளியைப் பாய்ச்சுங்கள். நேர் ஒளியில் மட்டமாகத் தெரிந்த பரப்பில் இப்போது மேடு பள்ளங்கள் நிழல் விடும். எண்ணைச் சுற்றி உப்புத்தாள் தேய்த்த மெல்லிய வளைவுகள் தெரிகின்றனவா? ஒரு இலக்கம் மட்டும் மற்றவற்றைவிட ஆழமாக இறங்கியிருக்கிறதா? அடியில் வேறொரு இலக்கத்தின் எச்சம் நிற்கிறதா? பிறகு கண்ணை மூடிக்கொண்டு, எண்ணுக்கு நான்கு விரல் தள்ளித் தொடங்கி, விரல் நுனியால் மெதுவாகத் தடவிக்கொண்டே வாருங்கள். வேறு வண்டியிலிருந்து எண்ணோடு வெட்டி எடுத்த துண்டை இங்கே பதித்திருந்தால், எவ்வளவு பட்டி பார்த்து மெழுகியிருந்தாலும், செவ்வக வடிவில் ஒரு விளிம்பு விரலுக்குத் தட்டுப்படும். பெயின்ட் கனம் அளக்கும் கருவியும் அதையே காட்டும். ஆலையின் பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும், பட்டி பூசிய இடத்தில் அது பல நூறைத் தாண்டிவிடும்.

அதே தகரம் வண்டியோடு சேரும் இடத்தையும் பாருங்கள். ஆலையில் அதை ஸ்பாட் வெல்டிங்கால் இணைத்தார்கள், ஓரளவு சீரான இடைவெளியில் சிறு வட்டக் குழிகள் வரிசையாகத் தெரியும். அந்த வட்டங்களுக்குப் பதிலாகக் கையால் இட்ட வெல்டிங் கோடோ, துளையிட்டு நிரப்பிய தடமோ தெரிந்தால், அந்தத் தகரம் மாற்றப்பட்டிருக்கிறது. மாற்றியதாலேயே அது மோசடி ஆகிவிடாது. இந்த வண்டியில் பேட்டரி பயணி பக்கத்தில் இருப்பதால், அமிலம் கசிந்து அந்தப் பக்கத் தகரம் அரித்துப்போவது மிகச் சாதாரணம். எண் இருக்கும் ஓட்டுநர் பக்கத் தகரம் மாற்றப்பட்டிருந்தால் பேட்டரி காரணம் ஆகாது. அதற்குரிய விபத்துக் கதையையும், பழுது பார்த்தபோது எடுத்த படங்களையும் கேட்டு வாங்க வேண்டும்.

மறைவான எண்களுக்கு வருவோம். எல்லோரும் பார்க்கும் தகட்டை மாற்றுகிறவர் பிறர் பார்க்காத இடத்தை விட்டுவிடுவது உண்டு. 1968, 1969 கமாரோக்களில் எண்ணின் சுருக்கம் ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஃபயர்வாலில் (என்ஜின் அறையையும் பயணிகள் பகுதியையும் பிரிக்கும் தகரச் சுவரில்) ஒன்றும், கண்ணாடிக்கு முன்னால் உள்ள மேல்தகரத்துக்கு அடியில் இன்னொன்றும் குத்தப்பட்டிருக்கும். பாகங்களைக் கழற்றினால்தான் தெரியும். வாங்குபவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படவே வேண்டாம். பெரும் தொகை கைமாறும் வியாபாரத்தில், ஒரு ஹீட்டர் பெட்டியை உங்கள் செலவில், இருவரும் ஒப்புக்கொண்ட மெக்கானிக்கைக் கொண்டு கழற்றிப் பார்க்கச் சொல்வது நியாயமான கோரிக்கை. உங்கள் மாடலில் அந்த இடங்கள் எவை என்பதைச் சங்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

என்ஜினில் தேதிகளைப் படிப்பது

என்ஜினும் வண்டியும் ஆலையிலேயே ஒன்றாகச் சேர்ந்தவை என்று சொல்லும் ‘எண்கள் பொருந்துகின்றன’ என்ற சொற்றொடருக்குத்தான் சந்தையில் மிகுந்த பணம் கொடுக்கப்படுகிறது, ஆகவே மிகுந்த பொய்யும் அதைச் சுற்றியே நடக்கிறது. என்ஜின் பிளாக்கில் உள்ள பழைய எண்ணை இழைத்து எடுத்துவிட்டு, வண்டிக்கு ஏற்ற எண்ணைப் புதிதாகக் குத்துவது வழக்கமான தந்திரம். ஷெவர்லே வி8 பிளாக்கில் எண் குத்தப்படும் சிறு மேடையில், ஆலை இயந்திரம் இழைத்த நுண்ணிய இணைகோடுகள் முன்னிருந்து பின்னாக ஓடும். உருப்பெருக்கியில் அவை தெரிய வேண்டும், எண்கள் அவற்றின் மேல் குத்தப்பட்டிருக்க வேண்டும். மேடை கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தாலோ, கோடுகள் வட்டமாகவோ குறுக்காகவோ ஓடினாலோ அது மறுபடி இழைக்கப்பட்டிருக்கிறது. நேர்மையான ஓவர்ஹாலிலும் பிளாக்கின் மேற்பரப்பை இழைப்பது உண்டு என்பதால், இதை வைத்து மட்டும் ஒருவரைத் திருடன் என்று சொல்லிவிடக் கூடாது. ஆனால் கோடு அழிந்திருக்கிறது, எண் மட்டும் புத்தம் புதிதாக நிற்கிறது என்றால் அந்த எண் எப்போது வந்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

எழுத்தின் வடிவத்தைப் பொய்யாக்குவதைவிடத் தேதிகளைப் பொய்யாக்குவது கடினம். அதனால்தான் நான் தேதிகளை அதிகம் நம்புகிறேன். உதாரணமாக ஒரு 1969 இசட்/28 வண்டியைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாக்கில் வார்ப்பிலேயே ‘சி 14 9’ என்று புடைத்து நிற்கிறது. ஏ ஜனவரி, பி பிப்ரவரி என்று எண்ணினால் சி மார்ச், அதாவது 1969 மார்ச் 14 அன்று வார்க்கப்பட்டது. மேடையில் ‘வி0327டிஇசட்’ என்று குத்தியிருக்கிறது. ‘வி’ என்றால் ஃபிளின்ட் என்ஜின் ஆலை, 0327 என்றால் மார்ச் 27, ‘டிஇசட்’ என்பது அந்த ஆண்டு இசட்/28இன் 302 என்ஜினுக்கு உரிய குறியீடு. ஃபயர்வாலில் உள்ள உடற்பகுதித் தகட்டில் ‘04பி’ என்றிருந்தால் ஏப்ரல் இரண்டாம் வாரம். வார்ப்பு, பிறகு என்ஜின், பிறகு வண்டி என்று நாட்கள் சில வார இடைவெளியில் ஒழுங்காக வரிசைப்படுகின்றன, இப்படித்தான் இருக்க வேண்டும். இதே வண்டியில் பிளாக்கின் வார்ப்புத் தேதி ஜூன் என்றிருந்தால், மேடையில் குத்தியிருப்பது எவ்வளவு அழகாக இருந்தாலும், ஏப்ரலில் பிறந்த வண்டிக்கு அந்த என்ஜின் ஆலையில் பொருத்தப்பட்டிருக்க வழியே இல்லை.

இந்த வரிசையை என்ஜினோடு நிறுத்தாமல் கியர்பாக்ஸ், பின் ஆக்சில், கார்புரேட்டர், ஆல்டர்னேட்டர், ஜன்னல் கண்ணாடிகள், சீட் பெல்ட் என்று தேதி உள்ள எல்லாவற்றுக்கும் நீட்டி ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு கண்ணாடி உடைந்து மாறியிருக்கும், ஒரு ஆல்டர்னேட்டர் புதிதாக இருக்கும், அது இயல்பு. மாற்றவே அவசியம் இல்லாத பாகங்கள் எல்லாம் கூட்டமாக வேறொரு மாதத்தையோ வேறொரு ஆண்டையோ காட்டினால், நீங்கள் வேறொரு வண்டியின் உடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

1981க்குப் பிந்தைய வண்டிகள்

17 இட எண்ணில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று எழுத்துகளும் வராது, 1 உடனும் 0 உடனும் குழம்பும் என்பதால் அவை விலக்கப்பட்டன. வட அமெரிக்கச் சந்தைக்கான வண்டிகளில் ஒன்பதாவது இடம் ஒரு சரிபார்ப்பு எழுத்து. மற்ற 16 இடங்களுக்கும் மதிப்புக் கொடுத்து, இடத்துக்கேற்ற எண்ணால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து வரும் மீதிதான் அது. மீதி 10 என்றால் ‘எக்ஸ்’ என்று எழுதப்படும். இதைக் கணக்கிட்டுத் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. கற்பனையில் உருவாக்கிய எண் பெரும்பாலும் இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்ளும். கிளோன் செய்த எண்ணோ ஓர் உண்மையான வண்டியின் எண் என்பதால் கணக்கில் சரியாகவே வரும். ஐரோப்பியச் சந்தைக்கான பல வண்டிகள் இந்தச் சரிபார்ப்பைப் பின்பற்றாததால், அவற்றில் கணக்கு ஒத்துவராதது மட்டும் குற்றம் அல்ல.

காகிதங்களும் விற்பவரும்

வண்டியின் அடையாளம் அதன் தொடர்ச்சியான வரலாற்றிலும் இருக்கிறது. 1929, 1930 லெ மான் பந்தயங்களை வென்ற ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸின் அடையாளம் குறித்து இங்கிலாந்தில் வழக்கு நடந்தது. பல பாகங்கள் காலப்போக்கில் மாறியிருந்தும், அந்த வண்டியின் வாழ்க்கை இடையில் அறுபடாமல் தொடர்ந்து வந்திருக்கிறது என்ற அடிப்படையில், அதை அந்தப் பெயருக்கு உரியதாகவே நீதிமன்றம் 1990இல் ஏற்றது. நீங்களும் அந்தத் தொடர்ச்சியைத்தான் கேட்க வேண்டும். முதல் உரிமையாளரிலிருந்து இன்றைய உரிமையாளர் வரை பெயர்கள், பழைய பதிவுச் சான்றுகள், காப்பீட்டுத் தாள்கள், ஓர்க்‌ஷாப் ரசீதுகள், கிலோமீட்டர் கணக்கு, புதுப்பிப்பதற்கு முன் எடுத்த படங்கள் ஆகியவற்றைக் கேளுங்கள். இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் மிகவும் முக்கியம். முழுவதுமாகப் புதுப்பித்ததாகச் சொல்லும் ஒருவரிடம், வெறும் தகரமாக நின்ற நிலையில் எண் தெரியும்படி எடுத்த படம் ஒன்றுகூட இல்லை என்பது நம்பக்கூடியதாக இல்லை. கிடைத்த பெயர்களில் குறைந்தது ஒரு முன்னாள் உரிமையாளரிடமாவது நேரில் பேசுங்கள்.

இடையில் பதினைந்து இருபது ஆண்டுகள் எந்தத் தாளும் இல்லாமல் திடீரென்று வேறொரு மாநிலத்திலோ நாட்டிலோ புதிய பதிவோடு தோன்றும் வண்டியைக் கண்டால் நின்று நிதானியுங்கள். ‘கொட்டகையில் கிடந்தது’ என்ற கதை சில சமயம் உண்மைதான். பல சமயம் அந்த இடைவெளியை மூடப் பயன்படும் போர்வை அது. பிரிட்டனில் வயதோ அடையாளமோ உறுதிப்படாத வண்டிக்குப் பதிவுத்துறை ‘க்யூ’ என்று தொடங்கும் பதிவெண் கொடுப்பது உண்டு, அதைக் கண்டால் காரணத்தைக் கேளுங்கள். விற்பவரின் பெயர் சான்றில் உள்ள பெயரோடு பொருந்த வேண்டும், வண்டியை அவர் வீட்டிலேயே பார்க்க வேண்டும். ‘நண்பருக்காக விற்கிறேன்’, ‘நாளைக்கே இன்னொருவர் பணத்தோடு வருகிறார்’, ‘பாதியை ரொக்கமாகக் கொடுங்கள்’ என்ற பேச்சுகளும், சந்தை விலையைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்த விலையும் ஒன்றாக வந்தால் என் அறிவுரை ஒன்றே: முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றிய பிறகும், அந்த மாடலை மட்டுமே பார்க்கும் நிபுணர் ஒருவரை உங்கள் செலவில் அமர்த்துங்கள். பொதுவான மெக்கானிக்குக்கு என்ஜின் ஓடுகிறதா என்று தெரியும், 1969 மார்ச்சில் ஃபிளின்ட் ஆலை எந்த எழுத்துருவில் குத்தியது என்று தெரியாது. விற்பனை ஒப்பந்தத்தில் ‘எண்கள் பொருந்துகின்றன’ என்று எழுத விடாதீர்கள், மறுபடி குத்திய எண்ணும் பொருந்தத்தான் செய்யும். ‘இந்த என்ஜின் இந்த வண்டிக்கு ஆலையில் பொருத்தப்பட்டது, சேசிஸ் எண் தகடும் குத்தப்பட்ட எண்களும் ஒருபோதும் அகற்றப்படவோ மாற்றப்படவோ இல்லை’ என்று தெளிவாக எழுதி விற்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். உண்மை தெரிந்தவர் இந்த வாக்கியத்துக்கு முன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

சந்தேகம் எழுந்தால், வாங்கிய பிறகு தெரிந்தால்

பார்க்கும்போதே சந்தேகம் வந்தால் விற்பவரிடம் வாதிடாதீர்கள், எண்ணைச் சுரண்டிப் பார்க்காதீர்கள். படங்களோடு விடைபெற்று வந்து காவல்துறையின் வாகனத் திருட்டுப் பிரிவிடம் கொடுங்கள். எண்ணைக் குத்தும்போது அதன் அடியில் உள்ள உலோகமும் நசுங்கி அமைப்பு மாறுவதால், மேலே இழைத்து அழித்த பிறகும் தடயவியல் ஆய்வகத்தில் அமிலம் இட்டுப் பழைய எண்ணை மீட்க முடிகிறது. நீங்கள் உப்புத்தாள் போட்டால் அந்த வாய்ப்பைக் கெடுத்துவிடுவீர்கள்.

வாங்கிய பிறகு தெரிந்தால் உடனே வழக்கறிஞரையும் காப்பீட்டு நிறுவனத்தையும் அணுகுங்கள். பல நாடுகளின் சட்டப்படி திருட்டுப் பொருளை நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கும் உரிமை கிடைப்பதில்லை, வண்டி அசல் உரிமையாளருக்கோ இழப்பீடு கொடுத்த காப்பீட்டு நிறுவனத்துக்கோ போகும். சில நாடுகளில் நல்லெண்ணத்தில் வாங்கியவருக்குப் பாதுகாப்பு உண்டு, ஆகவே உங்கள் நாட்டுச் சட்டத்தைக் கேட்டறிய வேண்டும். தெரிந்த பிறகு சத்தமில்லாமல் இன்னொருவர் தலையில் கட்டிவிடலாம் என்ற எண்ணம் மட்டும் வரவே கூடாது. அதுவரை பாதிக்கப்பட்டவராக இருந்த நீங்கள் அந்த நொடியில் குற்றவாளி ஆகிவிடுவீர்கள்.

ஏற்கெனவே நல்ல வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதில் வேலை உண்டு. புதுப்பிக்கும்போது எண் தகட்டைக் கழற்றவே கழற்றாதீர்கள், அதை மூடி ஒட்டிவிட்டுச் சுற்றிலும் வேலை செய்யச் சொல்லுங்கள். அமெரிக்காவில் அடையாள எண்ணை அறிந்தே அழிப்பதற்கும் மாற்றுவதற்கும் கூட்டாட்சிச் சட்டத்தின்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறை உண்டு. கான்சாஸ் மாநிலத்தில் 2017இல் ஒரு 1959 கார்வெட், முன்பு புதுப்பித்தபோது அதன் தகடு கழற்றி மாட்டப்பட்டிருந்த ஒரே காரணத்துக்காகப் பறிமுதல் செய்யப்பட்டது. அப்போதைய சட்டப்படி அது நொறுக்கப்படும் நிலை இருந்தது, 2022இல் சட்டமே திருத்தப்பட வேண்டியிருந்தது. வாங்கியவர் மேல் ஒரு பிழையும் இல்லை.

விளம்பரத்திலும் கண்காட்சிப் படங்களிலும் உங்கள் சேசிஸ் எண் தெரியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், உண்மையாக வாங்க வருபவருக்குத் தனியே கொடுக்கலாம். மறைவான எண்கள், வார்ப்புத் தேதிகள், ரிவெட்டுகள், வெல்டிங் தடங்கள், உங்கள் வண்டிக்கே உரிய ஒரு பழைய கீறல் ஆகியவற்றை நெருக்கத்தில் படம் எடுத்து, தேதியோடு, வண்டியில் அல்லாமல் வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். உங்கள் எண்ணோடு இன்னொரு வண்டி எங்காவது முளைத்துவிட்டால், எது அசல் என்று கேட்கும் அதிகாரியின் மேசையில் நீங்கள் வைக்கக்கூடியது அந்தப் படங்கள்தான்.